எண்கள் மட்டும் வந்த மனு

பிடிஎஃப் வந்துவிட்டது. திறந்து பார்த்தேன். எண்கள் இருந்தன, புள்ளிகள் இருந்தன, அட்டவணைக் கோடுகள்கூட அளவெடுத்துப் போட்ட மாதிரி இருந்தன. தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. மூன்று பக்கம் முழுக்க அங்கங்கே ஒரு 48, ஒரு 77, ஒரு காற்புள்ளி, ஓர் அடைப்புக்குறி, மறுபடியும் வெள்ளை.

அப்பா பின்னால் வந்து நின்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "மக்களே, எழுத்தெல்லாம் எங்க போச்சு? இது வெறும் கணக்குல்லா இருக்கு."

மறுநாள் காலை நாகர்கோவிலில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். அப்பா கொடுக்க வேண்டிய மனு அது. அப்போது மணி சாயங்காலம் ஆறரை.

முதலில் அந்த மனுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வயல் தோவாளை தாலுகாவில், சானலின் கடைவரம்பில் இருக்கிறது. கடைவரம்பு என்றால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். வராமல் போனால் முதலில் தெரியும் இடமும் அதுதான். மேலே எங்கேனும் கரை உடைந்தால், மடையில் சகதி அடைத்தால், யாராவது ஒரு பலகையைத் தூக்க மறந்தால் எங்களுக்கு இல்லை. அப்பா பல வருடமாக ஒரு நீள நோட்டில் இதையெல்லாம் எழுதி வருகிறார். காலையில் பேப்பரில் அணை நீர்மட்டம் பார்ப்பார். பேச்சிப்பாறை 48 அடிக்கு எவ்வளவு, பெருஞ்சாணி 77 அடிக்கு எவ்வளவு என்று குறிப்பார். அப்புறம் வயலுக்குப் போய் மடையைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வரி எழுதுவார். "தண்ணி உண்டு." "தண்ணி இல்ல." "பேருக்கு உண்டு." கடைசி வகைதான் அதிகம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை, சம்பா என்பார்கள். எங்களுக்குக் கன்னிப்பூவும் கும்பப்பூவும். கன்னி மாதத்தில் (புரட்டாசி) அறுப்பது கன்னிப்பூ, கும்ப மாதத்தில் (மாசி) அறுப்பது கும்பப்பூ. மழை ஒத்துழைத்தால் ஜூன் 1-ஆம் தேதி அணையைத் திறந்து பிப்ரவரி 28 வரை விடுவது வழக்கம். ஆடியில் பயிர் நிற்கும்போது மடை காய்ந்தால் கன்னிப்பூ போயிற்று. அந்த வருடம் ஆடியில் எத்தனை நாள் மடை காய்ந்தது என்பதுதான் மனுவின் மொத்த விஷயம்.

நான் இந்தக் கதைக்குள் வந்தது ரயில் வழியாக. ஏழு வருடம் நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் வேலைக்குப் போய் வந்தேன். இரணியல், குழித்துறை, பாறசாலை என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கூட்டம் ஏறும். உட்கார இடம் கிடைத்த நாளில் மடியில் பழைய லேப்டாப். இன்டர்நெட் விட்டுவிட்டு வரும். அதனால் நெட் இல்லாமல் ஓடும் ஏதாவது ஒன்றில் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. அப்படிப் பிடித்ததுதான் இமேக்ஸ் என்ற எழுத்துத் திருத்தியும் அதற்குள் இருக்கும் ஆர்க் மோடும். வேலையை விட்டு வீட்டோடு வந்த பிறகும் அது விடவில்லை.

ஆர்க் மோட் என்றால் பெரிய செயலி ஒன்றும் இல்லை. வெறும் எழுத்துக் கோப்பு. வரியின் முதலில் ஒரு நட்சத்திரம் போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் உபதலைப்பு. தலைப்புக்கு முன்னால் டுடூ என்று எழுதினால் செய்ய வேண்டிய வேலை. தேதி போட்டால் அஜெண்டாவில் வந்து நிற்கும். நடுவில் செங்கோடு போட்டு அட்டவணை அடிக்கலாம், அதில் கூட்டல் கழித்தலும் நடக்கும். கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியல்காரர் ஆம்ஸ்டர்டாமில் இருந்துகொண்டு 2003-இல் தன் சொந்தக் குறிப்புகளுக்காகச் செய்தது. 2007-இல் இமேக்ஸின் 22-ஆம் பதிப்போடு சேர்ந்தே வர ஆரம்பித்தது. நட்சத்திரத்தைப் பார்க்கிறவர் செய்த கருவியில் நட்சத்திரம் போட்டுத் தலைப்பு எழுதுகிறோம் என்று ரயிலில் ஒரு நாள் தோன்றியது. பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பாவின் நோட்டை வாரம் ஒருமுறை நான் இதில் தட்டி ஏற்றுவேன். மாதத்துக்கு ஒரு தலைப்பு, அணை மட்டத்துக்கு ஓர் அட்டவணை, மடைக்குறிப்பு தனியாக, போட்டோ இருந்தால் அதற்கு ஒரு இணைப்பு. எழுதுவதில் ஒருநாளும் தகராறு வந்ததில்லை. தகராறெல்லாம் அதை வெளியே அனுப்பும்போதுதான்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்திருக்கும் என் சித்தி மகனும் இதே கருவியில் பெட்டிக் கணக்கு வைத்திருக்கிறான். போனவாரம் பிடிஎஃப் வரவில்லை என்று போன் செய்தான். முக்கால் மணி நேரம் பேசினேன். "எக்கா, இத எங்கயாவது எழுதிப் போடுங்க, எனக்கு ஒண்ணும் மனசுல நிக்காது" என்றான். ஆகவே இது. கட்டளைகளை அவனுக்குப் போனில் சொன்ன மாதிரியே தமிழில் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

சரி, அந்த சாயங்காலத்துக்கு வருகிறேன்.

ஆர்க்கில் கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-இ அடித்தால் ஏற்றுமதிப் பட்டியல் திறக்கும். அதில் எல், பின் பி என்றால் லேடெக் (எழுத்தை அச்சுப் பக்கமாக அடுக்கித் தரும் நிரல்) வழியாகப் பிடிஎஃப். பி-க்குப் பதில் ஓ அடித்தால் பிடிஎஃபைத் திறந்தும் காட்டும். ஆங்கிலக் குறிப்புகளுக்கு இது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். தமிழ்க் கோப்புக்கு முதல் தடவை போட்டபோது பிடிஎஃப் உருவாகவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. ஏன் என்று பார்க்க இமேக்ஸுக்குள்ளேயே ஒரு பஃபர், அதாவது தனிப் பக்கம், இருக்கிறது, பெயர் 'ஆர்க் பிடிஎஃப் லேடெக் அவுட்புட்'. பாதிப் பேர் அதைத் திறப்பதே இல்லை. நானும் வெகுநாள் திறந்ததில்லை. அதில் நூறு வரி வளவளப்புக்கு நடுவில் ஆச்சரியக்குறியோடு தொடங்கும் ஒரு வரி இருக்கும், அது ஒன்றுதான் முக்கியம். எனக்கு வந்தது: 'ந' என்கிற யூனிகோட் எழுத்தை லேடெக்கில் பயன்படுத்த ஏற்பாடு இல்லை. 'நீர்மட்டம்' என்ற சொல்லின் முதல் எழுத்து. அதிலேயே மூச்சு நின்றுவிட்டது.

காரணம் லேசானது. ஆர்க் வழக்கமாகக் கூப்பிடுவது பிடிஎஃப்லேடெக்கை. அதற்குத் தமிழ் தெரியாது. கோப்பின் தலையில் #+ போட்டு 'லேடெக்', அடிக்கோடு, 'கம்பைலர்', முக்காற்புள்ளி, அப்புறம் 'ஸீலேடெக்' என்று ஒரு வரி எழுதினால் தமிழ் தெரிந்த ஆளைக் கூப்பிடும். லினக்ஸில் டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்கள் 'டெக்ஸ்லைவ்-ஸீடெக்' பொதியைத் தனியாக நிறுவ வேண்டும்.

எழுதினேன். மறுபடி எல், ஓ. பிழையே இல்லாமல் ஓடிற்று. வந்ததுதான் மேலே சொன்ன வெள்ளைப் பிடிஎஃப்.

ஸீலேடெக்குக்குத் தமிழ் எழுத்து என்றால் என்னவென்று தெரியும். ஆனால் எந்த எழுத்துருவில் போடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது தன் வழக்கமான லத்தீன் எழுத்துருவைக் கையில் எடுத்தது. அதில் எண் இருக்கிறது, புள்ளி இருக்கிறது, தமிழ் இல்லை. இல்லாத எழுத்தைச் சத்தம் போடாமல் தாண்டிப் போய்விட்டது. லாக் கோப்பை அடிவரை பார்த்தால் 'மிஸ்ஸிங் கேரக்டர்' என்று வரிசையாக எழுதி வைத்திருந்தது, எழுத்துக்கு ஒரு வரி. கேட்டால் சொல்லும், தானாகச் சொல்லாது. எங்கள் ஊர் மடைக்காரரும் அப்படித்தான்.

தீர்வு இரண்டு வரி. #+ போட்டு 'லேடெக் ஹெடர்' (இங்கேயும் நடுவில் அடிக்கோடு), அதில் 'ஃபான்ட்ஸ்பெக்' தொகுப்பைச் சேர்ப்பது ஒன்று. இன்னொரு ஹெடர் வரியில் 'செட்மெயின்ஃபான்ட்' கட்டளைக்கு நோட்டோ செரிஃப் தமிழ் என்று எழுத்துருப் பெயரைக் கொடுத்து, சதுர அடைப்புக்குள் 'ஸ்கிரிப்ட்' சமம் 'தமிழ்' என்று சொல்வது. சதுர அடைப்புக்குள் இருப்பதை விட்டுவிடாதீர்கள். 'கொ' என்று எழுதினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்கார வேண்டும் அல்லவா, அந்த வேலைக்கு அது வேண்டும். சிலர் ஸீலேடெக்குக்குப் பதிலாக லுவாலேடெக் வைத்திருப்பார்கள். அதில் கூடவே 'ரெண்டரர்' சமம் 'ஹார்ஃப்பஸ்' என்றும் போடவேண்டும், இல்லையென்றால் கொம்பும் காலும் கண்ட இடத்தில் நிற்கும்.

ஏழு மணிக்குத் தமிழ் வந்தது. அப்பா "இப்ப சரி" என்று சொல்லிவிட்டு சாயா குடிக்கப் போனார். அவர் பார்த்தது முதல் பக்கம் மட்டும்.

நடுவில் சின்னச் சின்ன முரண்டுகள் உண்டு. ஓர் இணைப்பு கோப்புக்குள்ளேயே இருந்த ஒரு தலைப்பைச் சுட்டியது, அந்தத் தலைப்பை நானே எப்போதோ அழித்திருந்தேன். 'இணைப்பைத் தீர்க்க முடியவில்லை' என்று ஏற்றுமதி நின்றது. அவசரத்துக்கு, கோப்பின் தலையில் #+ போட்டு எழுதும் ஆப்ஷன்ஸ் வரியில் 'புரோக்கன்-லிங்க்ஸ்', முக்காற்புள்ளி, 'மார்க்' என்று போட்டால் அறுந்த இடத்தைக் குறித்துவிட்டு மேலே போகும். 'மடை_3' என்று போட்டோவுக்குப் பெயர் வைத்திருந்தேன். அடிக்கோட்டுக்குப் பின்னால் இருந்த 3 சுருங்கிக் கீழே இறங்கிவிட்டது, வேதியியல் சமன்பாடு மாதிரி. அதே ஆப்ஷன்ஸ் வரியில் ^ குறி, முக்காற்புள்ளி, 'நில்' (ஆங்கிலத்தில் என்-ஐ-எல்) போட்டால் நின்றுவிடும். மனுவுக்குப் பொருளடக்கம் எதற்கு, 'டிஓசி' முக்காற்புள்ளி 'நில்'. அறுந்த இணைப்புகளைத் தனித்தனியாகத் தேடி அலைவதைவிட, ஆல்ட்-எக்ஸ் அடித்து 'ஆர்க்-லின்ட்' என்று ஓட்டுங்கள். கோப்பில் எங்கெங்கே ஓட்டை என்று வரி எண்ணோடு சொல்லும். நான் இதை மறந்து மறந்து கடைசியில்தான் ஓட்டுவேன்.

இப்போது தமிழுக்கே உரிய ஒரு தொல்லை.

ஆர்க்கில் ஒரு சொல்லின் இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டால் அது தடித்த எழுத்தாக வரும். மனுவில் அணைப் பெயர்களையும் நாட்களையும் தடிக்க வைத்திருந்தேன். பிடிஎஃபில் சில இடத்தில் தடித்து வந்தது, பல இடத்தில் நட்சத்திரம் அப்படியே நின்றது. *பேச்சிப்பாறை*யில், *பெருஞ்சாணி*யும், *கடைவரம்பு*க்கு. ஒரு மனுவில் இத்தனை நட்சத்திரம் இருந்தால் படிக்கிறவர் கீழே நிபந்தனைகள் பொருந்தும் என்று தேடுவார்.

எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று உற்றுப் பார்த்தபோது புரிந்தது. "*பேச்சிப்பாறை* அணை" சரியாக வருகிறது. "*பேச்சிப்பாறை*யில்" வரவில்லை. மூடும் நட்சத்திரத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளியோ, காற்புள்ளியோ, முற்றுப்புள்ளியோ, அந்த மாதிரி ஏதாவது இருந்தால்தான் ஆர்க் அதை மூடும் குறி என்று எடுத்துக்கொள்ளும். எழுத்து ஒட்டி வந்தால் அது வெறும் நட்சத்திரம். ஆங்கிலத்தில் சொல்லோடு ஒட்டி வருவது அபூர்வம், அவர்களுக்கு இந்த விதி உறுத்தாது. நமக்கோ ஒட்டாமல் ஒரு வாக்கியம் எழுத முடியுமா? ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததெல்லாம் சொல்லின் வாலில்தான் தொங்குகிறது. 'உம்' இல்லாமல் யாராவது நாலு வரி பேசட்டும் பார்க்கலாம்.

உருபையும் சேர்த்து நட்சத்திரத்துக்குள் போட்டுவிடலாம், '*பேச்சிப்பாறையில்*' என்று. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, 'யில்' தடித்து நின்றால் கண் அங்கே போகிறது. பெயருக்கும் உருபுக்கும் நடுவில் சிறுகோடு போட்டு எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பிரச்சினை இல்லை, ஆர்க் சிறுகோட்டை ஏற்றுக்கொள்ளும். மற்றவர்களுக்கு ஒரு வித்தை. மூடும் நட்சத்திரத்துக்கும் 'யில்' என்பதற்கும் நடுவில் அகலமே இல்லாத ஓர் இடைவெளியைச் செருகுவது. யூனிகோடில் அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. கன்ட்ரோல்-எக்ஸ், 8, என்டர் அடித்து 'ஸீரோ வித் ஸ்பேஸ்' என்று பெயர் கொடுத்தால் வந்து உட்காரும். கண்ணுக்குத் தெரியாது. ஆர்க்கோ அதை இடைவெளி என்று நம்பி நட்சத்திரத்தை மூடிவிடும். ஆர்க்கின் கையேடே சொல்லித்தரும் வழிதான் இது.

ஆனால் கண்ணுக்குத் தெரியாதது கோப்புக்குள் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. பிடிஎஃபில் சில எழுத்துருக்கள் அதை ஒரு குட்டிக் கட்டமாகக் காட்டும். பிடிஎஃபில் ஒரு சொல்லைத் தேடினால் நடுவில் இது இருப்பதால் அகப்படாது. அதனால் ஏற்றுமதி முடியும் கட்டத்தில் இந்த இடைவெளியை எல்லாம் துடைத்துவிடும் ஒரு சின்ன ஃபங்ஷனை என் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன். 'ஆர்க்-எக்ஸ்போர்ட்-ஃபில்டர்-ஃபைனல்-அவுட்புட்-ஃபங்ஷன்ஸ்' என்ற நீளமான பெயருள்ள பட்டியலில் அதைச் சேர்த்தால் போதும். நட்சத்திரம் அதற்குள் தடித்த எழுத்தாக மாறிவிட்டிருக்கும், இடைவெளியின் வேலை முடிந்துவிட்டது.

எட்டரைக்கு நட்சத்திரமெல்லாம் போயிற்று. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு, பிடிஎஃபை டேப்லெட்டில் போட்டு அப்பா கையில் கொடுத்தேன். இந்த முறை அவர் நோட்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அட்டவணையை விரலால் தொட்டுத் தொட்டு இறங்கினார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"17-ந்தேதி எங்க?"

"அதுல இருக்கும்பா, பாருங்க."

"இல்ல மக்களே. 1, 2, 3ன்னுல்லா இருக்கு. 1-ந்தேதி தண்ணி உண்டும்மா. அன்னைக்குத்தான் நாத்து நட்டோம்."

வாங்கிப் பார்த்தேன். மடைக்குறிப்புகளை நான் அவர் நோட்டில் இருந்தபடியே தட்டியிருந்தேன். 17, ஒரு புள்ளி, தண்ணி இல்ல. அடுத்த வரி 18, ஒரு புள்ளி, தண்ணி இல்ல. அதற்கு அடுத்து 21. 19-உம் 20-உம் தண்ணீர் வந்த நாட்கள், ஆகவே அந்த வரி இல்லை. 22. 26. இப்படிப் போகும். பிடிஎஃபில் அது 1, 2, 3, 4, 5 என்று வந்திருந்தது.

வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் இடைவெளியும் வந்தால் ஆர்க்குக்கு அது எண்ணிட்ட பட்டியல். பட்டியல் என்றால் ஒன்றில் தொடங்க வேண்டும், நடுவில் எண் விடக்கூடாது. அதன் நியாயம் அது. எங்கள் நியாயம் அந்த விட்டுப்போன எண்களில் இருந்தது.

சரி, ஏற்றுமதியில்தானே இப்படி, மூலக் கோப்பில் என் 17 பத்திரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கோப்புக்குப் போனேன். எழுத்துக் கோப்பின் பெருமையே அதுதானே. வெளியே வரும்போது உடையலாம், உள்ளே இருப்பதை யாரும் தொட மாட்டார்கள். இத்தனை வருடம் எல்லோரிடமும் அப்படித்தான் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

கோப்பிலும் 1, 2, 3, 4, 5.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் நினைவு வந்தது. இரண்டு வாரம் முன்பு, 24-ஆம் தேதிக் குறிப்பு ஒன்றை விட்டுவிட்டேன் என்று நடுவில் நுழைக்கப் போனேன். வெறும் என்டருக்குப் பதில் ஆல்ட்-என்டர் அடித்திருக்கிறேன். பட்டியலில் ஆல்ட்-என்டர் அடித்தால் ஆர்க் புதிய உருப்படி ஒன்றைச் சேர்த்துவிட்டு, கையோடு பட்டியல் முழுவதையும் முதலில் இருந்து எண்ணிட்டுச் 'சரி'செய்யும். திரையில் பார்க்க ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருந்ததால் நான் கவனிக்கவில்லை. சேமித்து மூடிவிட்டேன்.

பிடிஎஃப்லேடெக் 'ந' தெரியாது என்று சொல்லி நின்றதே, அன்று மாலை அதைத் திட்டினேன். இப்போது நினைத்தால் அதுதான் நாணயமான ஆள். தெரியாது என்றால் தெரியாது, ஓர் அடி நகர மாட்டேன் என்று நின்றது. வெள்ளைப் பக்கம் கொடுத்த ஸீலேடெக் அடுத்தபடி, பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இந்தப் பட்டியல்தான் ஆளைக் கவிழ்ப்பது. தப்பு என்று எந்த லாக்கிலும் எழுதாது. ஆர்க்-லின்ட்டும் ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் அதன் கணக்கில் தப்பே நடக்கவில்லை. நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மனிதர் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

கோப்பின் பழைய பிரதிகளைச் சேர்த்து வைக்கும் 'கிட்' நிரலில் பழைய பிரதி இருக்குமே என்று கேட்பீர்கள். ஞாயிறுதோறும் கிட்டில் சேமிப்பேன் என்று நானும் சொல்லிக்கொள்வது உண்டு. போய்ப் பார்த்தால் கடைசியாகச் சேமித்தது ஆனி மாதம்.

அப்பா நோட்டைப் பார்த்துச் சொல்ல, நான் தட்டினேன். பதினொன்றரை வரை. அவருக்குத் தூக்கம் வரவில்லை, எனக்கு வந்தது. இந்த முறை எண்ணும் புள்ளியும் போடவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறுகோடு, அதற்குப் பின் சதுர அடைப்புக்குள் ஆர்க்கின் முறையான தேதி முத்திரை, வருடம் மாதம் நாள் கிழமையோடு. அது யார் வந்தாலும் மாறாது. எண்ணிட்ட பட்டியல்தான் வேண்டும், அது 17-இல் தொடங்க வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு: உருப்படியின் முதலில் [@17] என்று எழுத வேண்டும். ஆனால் நடுவில் நாள் விட்டுப்போகும் ஒவ்வொரு இடத்திலும் மறுபடி எழுத வேண்டிவரும். தேதியைத் தேதியாகவே எழுதுவது நல்லது.

தேதி முத்திரையில் ஒரு வேடிக்கை. என் கம்ப்யூட்டர் தமிழ் அமைப்பில் இருப்பதால் கிழமை தமிழில் வரும். அலுவலகத்தில் இருந்து வந்த பழைய கோப்புகளில் ஆங்கிலத்தில் இருக்கும். இரண்டும் கலந்து கிடந்தால் குழப்பம் வருமோ என்று ஒரு காலத்தில் கவலைப்பட்டேன். வராது. கிழமை நம் கண்ணுக்குத்தான், ஆர்க் கணக்குப் போடுவது எண்களை வைத்து.

அட்டவணையைப் பற்றியும் தம்பி கேட்டான். தமிழ் எழுதினால் செங்கோடுகள் கோணலாக நிற்கிறதே என்று. ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரே அகலம் உள்ள எழுத்துருவில் இருக்கும், 'ஞ'வும் 'ர'வும் அப்படி இல்லை, அவ்வளவுதான். திரையில்தான் கோணல், ஏற்றுமதியில் நேராக வரும். கண்ணை உறுத்தினால் 'வேலைன்' என்ற பொதியை நிறுவிக்கொள்ளலாம், புள்ளிக் கணக்கில் அளந்து நேராக்கிக் காட்டும். அவனுடைய இன்னொரு பிரச்சினை, தோட்டம், வரிசை, பெட்டி, தேதி என்று நாலு அடுக்குத் தலைப்பு வைத்திருக்கிறான், நாலாவது அடுக்கு பிடிஎஃபில் தலைப்பாக வராமல் பட்டியலாக வருகிறது. ஆர்க் வழக்கமாக மூன்று அடுக்கைத்தான் தலைப்பாக எடுக்கும். ஆப்ஷன்ஸ் வரியில் பெரிய 'எச்', முக்காற்புள்ளி, 4. அவனுக்கு இவ்வளவுதான் தேவையாக இருந்தது. முக்கால் மணி நேரம் நான் என் கதையைச் சொன்னேன்.

காலையில் பிரிண்ட் கடை. எங்கள் வீட்டுப் பிரிண்டரில் மை காய்ந்து போய் ஒரு வருடம் ஆகிறது. கடைத் தம்பி பென்டிரைவை வாங்கிக்கொண்டு, "வேர்ட் ஃபைல் இருந்தா குடுங்கக்கா, எதாவது மாத்தணும்னா எளுப்பம்" என்றான். அவன் கேட்பான் என்று தெரியும், ராத்திரியே ஓடிடியாகவும் (வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் திறக்கும் கோப்பு) எடுத்து வைத்திருந்தேன். ஏற்றுமதிப் பட்டியலில் ஓ, மறுபடியும் ஓ. விண்டோஸில் இதைச் செய்கிறவர்கள் 'ஜிப்' நிரல் இல்லை என்ற பிழையைப் பார்ப்பார்கள். ஓடிடி என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் மூட்டைதான், மூட்டை கட்ட ஆள் வேண்டும், அதை நிறுவினால் சரியாகிவிடும். லிப்ரே ஆபீஸில் தமிழுக்கு எழுத்துரு மாற்றும்போது, பாணி அமைப்பில் ஆங்கிலத்துக்கு உள்ள இடத்தில் மாற்றினால் ஒன்றும் நடக்காது. சிக்கலான எழுத்துகளுக்கு என்று கீழே தனியாக ஒரு பகுதி இருக்கிறது, தமிழ் அதற்குள் வரும்.

கடைக் கம்ப்யூட்டரில் அந்த ஓடிடி திறந்தபோது வேறு ஏதோ எழுத்துருவில் வந்து, மூன்று பக்கம் நாலு பக்கமாகி, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் நாலாவது பக்கத்தில் தனியாக நின்றது. "இது பாமினி இல்லல்லா?" என்றான். பாமினி பழைய முறை எழுத்துரு. இது யூனிகோட் என்றேன். சரி, பிடிஎஃபையே அடித்துக் கொடு என்று சொல்லிவிட்டேன். ஸீலேடெக் எழுத்துருவைப் பிடிஎஃபுக்குள்ளேயே பொதிந்து வைத்துவிடும், எந்தக் கடையிலும் அதே மாதிரி வரும். சந்தேகம் இருந்தால் 'பிடிஎஃப்ஃபான்ட்ஸ்' என்ற கட்டளையை ஓட்டினால் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் நேரே பொதிந்திருக்கிறதா இல்லையா என்று காட்டும்.

மூன்று பக்கமும் வந்தது. அப்பா கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வாங்கிப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தார். எனக்குத் திக்கென்றது, மறுபடியும் ஏதோ தேதி தப்பு என்று.

தப்பு இல்லை. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில், ஓரத்தில் விட்டிருந்த இடத்தில், கொல்லம் ஆண்டுத் தேதியை எழுத ஆரம்பித்தார். அவர் நோட்டில் இரண்டும் இருக்கும். திருவிதாங்கூர்க் காலத்தில் இருந்து இங்கே வயல்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. கி.பி. 825-இல் தொடங்குகிற ஆண்டு, எங்களுக்கு ஆவணி முதல் தேதியில் புது வருடம். நான் தட்டி ஏற்றும்போது அதை விட்டுவிட்டேன், ஏனென்றால் ஆர்க்குக்கு அது புரியாது. இமேக்ஸ் நாட்காட்டியில் எபிரேயம் இருக்கிறது, இஸ்லாமியம், பாரசீகம், எத்தியோப்பியம், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து நாட்காட்டிகூட இருக்கிறது. மாயன் இருக்கிறது. கொல்லம் இல்லை.

"நான் வேணா வீட்ல போய்ச் சேர்த்து வேற அடிச்சிட்டு வரட்டா?" என்றேன்.

"எதுக்கு? பத்தரைக்குக் கூட்டம். இப்படியே ஜெராக்ஸ் போடு."

நாலு பிரதி போட்டோம். அச்செழுத்துக்குப் பக்கத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்து, எல்லாப் பிரதியிலும்.

அன்று ராத்திரி கிட்டில் சேமித்துவிட்டு, கோப்பின் கடைசியில் ஒரு நட்சத்திரம் போட்டு, டுடூ என்று எழுதி, 'கொல்லம் தேதிக்கு ஒரு ஃபங்ஷன்' என்று சேர்த்தேன். ஒவ்வொரு திங்களும் அஜெண்டாவில் வந்து நிற்கிறது. நானும் ஒவ்வொரு திங்களும் அடுத்த திங்களுக்குத் தள்ளி வைக்கிறேன்.